ஒண்ணா ரெண்டாவின் நெற்றி விளக்கு

எங்கள் கடைத்தெருவில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கடைப் பலகையிலும் அது எழுதியிருக்கிறது. பலகையைப் படிக்க முடியாதவர்கள்தான் அந்தக் கடைக்கு வருகிறார்கள் என்பதாலோ என்னவோ, அந்தப் பெயர் யார் வாயிலும் நிலைக்கவில்லை. தெருவில் அவர் 'ஒண்ணா ரெண்டா'.

பெயருக்குக் காரணம் கடையின் பின்பக்கம் இருக்கிற இருட்டறை. அங்கே நம்மை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சட்டம் ஒன்றை மாட்டி, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகையை ஒளிரவிட்டு, ஒரு லென்ஸைச் செருகுவார். "இது ஒண்ணு." அதை எடுத்துவிட்டு வேறொன்று. "இது ரெண்டு. எது தெளிவா இருக்கு, ஒண்ணா ரெண்டா?" நாம் ரெண்டு என்போம். ஜெயித்த ரெண்டு உடனே ஒண்ணாகிவிடும். அதை எதிர்க்கப் புதிதாக ஒரு ரெண்டு வரும். கொஞ்ச நேரத்தில் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்ற கவலை போய், வீட்டுக்கு எப்போது போவோம் என்ற கவலை வந்துவிடும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்களை அவர் விடுவதில்லை. "ஒரே மாதிரி இருக்க முடியாதுங்க. நீங்க பாக்கல, அவ்வளவுதான்" என்பார்.

கண்ணாடி என்னவோ சரியாகத்தான் அமையும். அதை மறுப்பதற்கில்லை. அவரை நான் பாராட்டுவது இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் என்பதால் அதை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், இருட்டறையில் பிழைப்புக்குக் கற்றுக்கொண்ட வழியை அவர் வெளியுலகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். உலகத்தில் எந்தப் பொருளையும் அதற்காகவே பார்க்க அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் பார்ப்பார். மெத்தை வாங்கக் கிளம்பிய வருடம், பஞ்சா ரப்பரா என்று தீர்மானமாகும்வரை ஒரு மழைக்காலம் முழுக்கக் கணவனும் மனைவியும் தரையில் கம்பளி விரித்துப் படுத்தார்கள். குளியலறைக் குழாய் விஷயத்தில் என்ன நடந்தது என்று அவர் வீட்டுக்குக் கீழே குடியிருந்தவர்களைக் கேட்டால் தெரியும். அவர்கள் இப்போது வேறு தெருவில் இருக்கிறார்கள். ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவன் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவன் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறான். அது வெளியில் தெரியாமல் இருப்பதற்காகத்தான் கையில் எப்போதும் இரண்டு பொருள்.

அவருக்குத் தள்ளிப்போட ஒரு விஷயம் இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தி சாய்ந்தால் அவருக்குக் கண் தெரியாது.

முழுக்கத் தெரியாது என்றில்லை. வெளிச்சம் இருந்தால் ஊசியில் நூல் கோப்பார். வெளிச்சம் குறைந்தால் உலகம் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடும். முதலில் படிகள் போகும், அப்புறம் தெருவோரத்துச் சைக்கிள்கள், அப்புறம் மனிதர்களின் முகங்கள். மாலைக்கண் என்று யாராவது வந்து சொன்னால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போகச் சொல்லி விரட்டுவார். "கண்ணாடி போட்டா சரியாகற விஷயமில்லங்க இது. நாளைக்கு நாளான்னைக்குன்னு வச்சுக்காதீங்க." இதே வாயால் தனக்கு அவர் எழுதிக்கொண்ட மருந்து, வீட்டில் எல்லா அறைகளிலும் பெரிய பல்பு. கண் பார்க்கிறவனுக்கே கண் தெரியவில்லை என்றால் கடைக்கு யார் வருவார்கள் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவாரே என்பது. இருட்டறையில் மட்டும் தடுமாற மாட்டார். அங்கே எல்லாம் கைக்குப் பழக்கம்.

மனைவிக்கும் தெரியாது. நம்பக் கடினமாக இருக்கலாம். ஆனால் அந்த அம்மாளின் தொழில் அப்படி. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் பொருத்திய கார். நாள் முழுக்கப் பயந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் மறந்த பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் அதே காரில் கடைக்கு வந்து கணவரை ஏற்றிக்கொண்டு போவார். "நீ ஓட்டு. ஓட்டறவங்க பக்கத்துல இருக்கறப்ப நான் எதுக்கு?" என்று சொல்லி இவர் மறுபக்கம் ஏறிக்கொள்வார். மனைவியின் தொழிலுக்குக் கணவன் தருகிற மரியாதை என்று ஊரே மெச்சியது. ஊர் மெச்சுகிற குணங்களில் பாதி இப்படி எதையாவது மறைக்க வைத்த திரைதான்.

அந்த அம்மாளுக்கு மலை பிடிக்கும். அவருடைய தம்பி சேர்ந்திருந்த நடைக்குழு ஒன்று வருடத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வரும். தம்பியோடு அவரும் சேர்ந்துகொண்டார். வருடா வருடம் கணவரையும் கூப்பிட்டார். ஒரு வருடம் காலணி சரியாக அமையவில்லை. அடுத்த வருடம் முதுகுப்பை, பட்டை அகலமானதா குறுகியதா என்பதில் நின்றுபோனது. அதற்கடுத்த வருடம் தூங்கும் பை. ஒவ்வொன்றும் முடிவாவதற்குள் குழு போய்விட்டு வந்து படம் காட்டியது. படங்களில் மற்றவர்கள் ஜோடி ஜோடியாக நின்றார்கள். இந்த அம்மாள் தம்பியோடு நின்றார். தம்பிக்குக் கல்யாணமான பிறகு கூடாரக் கம்பத்தோடு நின்றார்.

இந்த வருடம் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னார். குரலில் கோபமில்லை. மாணவர்களிடம் வளைவு வருகிறது என்று சொல்கிற அதே குரல்.

"ஏங்க, இந்த வருஷம் வர்றீங்களான்னு கேக்கறேன். இனிமே கேக்க மாட்டேன்."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"ஒத்தையாள் கூடாரம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். கடைக்காரர் எடுத்து வைக்கிறேன்னுருக்கார். நீங்க வரலன்னா அத வாங்கிக்கறேன். இத்தனை வருஷமா ரெண்டாள் கூடாரத்தத் தூக்கிக்கிட்டு ஏறறேன், பாதி காலியா. முதுகு வலிக்குது."

முதுகு வலி பற்றிய பேச்சில்லை இது என்று அவருக்கும் தெரிந்தது. ஒற்றை ஆள் கூடாரம் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால், அது மலையில் மட்டும் விரிக்கிற சமாச்சாரமாக இருக்காது. அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க முடியாத ஒரு பொருளை வாழ்க்கை முதல்முறையாக நீட்டியது.

"வர்றேன்" என்றார்.

அந்த அம்மாள் நம்பவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஆனால் நாலு வார்த்தை பேசுவதைவிட ஒரு பொருள் வாங்குவது சுலபம் என்பது ஆண்களிடம் பரவலாகக் காணப்படும் நம்பிக்கை. இருட்டுதானே பிரச்சினை, வெளிச்சத்தை வாங்கிவிடலாம் என்று கிளம்பினார்.

மலையேறுகிறவர்கள் நெற்றியில் பட்டை கட்டி மாட்டிக்கொள்கிற விளக்கு இருக்கிறதே, அது. அதைப் பற்றி இணையத்தில் உள்ள எல்லாவற்றையும் படித்தார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களைச் சந்தேகப்பட்டார். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களைச் சொந்தக்காரர்களைப்போல் நம்பினார். வெளிச்சத்தை அளக்கிற லூமென் என்ற சொல் அவர் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. கண் சோதிக்க வந்தவர்களிடம், எழுத்து தெரிகிறதா என்று கேட்பதற்கு நடுவில், உங்கள் வீட்டு விளக்கு எத்தனை லூமென் என்றும் கேட்டார்.

முகாம் சாமான் விற்கிற கடைக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்குத்தான் இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் வாய்க்கிறார்கள்.

"எந்த மாதிரி இடத்துக்குப் போறீங்க சார்?"

"அது இருக்கட்டும். ரெண்டு லைட்டு காட்டுங்க."

"எந்த ரெண்டு?"

"எதுவானாலும். ரெண்டு."

கடைக்காரர் ஒரு சின்ன விளக்கை எடுத்து வைத்தார். "கூடாரம் அடிக்க, சமைக்க, பாதையில நடக்க, இது போதும். வெளிச்சம் பரவி விழும், கண்ணக் குத்தாது. கனமில்ல. இந்தப் பொத்தான அமுக்கினா சிவப்பு வெளிச்சம். நாலு பேர் சேர்ந்து உக்காந்திருக்கறப்ப அத வச்சுக்கலாம்."

"சிவப்பு எதுக்கு?"

"எதிர்ல இருக்கறவங்களுக்குக் கூசாது சார்."

"எதிர்ல இருக்கறவங்களுக்கா லைட்டு வாங்கறேன்?"

கடைக்காரர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, மேல் தட்டில் இருந்த இன்னொன்றை எடுத்தார். முன்பக்கம் தவளைக்கண்போல இரண்டு விளக்கு, தலைக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டி, இரண்டையும் இணைக்க ஒரு வயர். "இது வேற ஜாதி. குகைக்குள்ள மாட்டிக்கிட்டவங்களத் தேடிப் போறாங்கள்ல, அவங்க போடறது. நீங்க யாரத் தேடப் போறீங்க?"

"பாதையை" என்றார் ஒண்ணா ரெண்டா. அன்றைக்கு அவர் பேசியதில் உண்மையான சொல் அது ஒன்றுதான்.

இரண்டையும் சோதித்துப் பார்த்து ஒன்றைத் திருப்பித் தருவதாக வாங்கி வந்தார். சோதனை எங்கே நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இருட்டறையில் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு, நெற்றியில் சின்னதை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய எழுத்துகள் தெரிந்தன. பெரியதை மாட்டிக்கொண்டார். கடைசி வரி வரை தெரிந்தது. கடைசி வரிக்குக் கீழே அச்சகத்தின் பெயர் இருப்பதைக்கூட அன்றுதான் பார்த்தார்.

லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்கிற ஃபிட்டர், ஒரு மூக்குக் கண்ணாடியைக் காட்ட உள்ளே வந்தார். இவர் திரும்பிப் பார்த்தார். ஃபிட்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அண்ணே, கண்ணே போச்சு."

"ஒண்ணும் போகல. எப்படி இருக்கு? போன லைட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"போன லைட்ட நான் பாக்கவே இல்லண்ணே. இதப் பாத்ததுல இனிமே வேற எதையும் பாக்க முடியாது போலருக்கு."

"நீ லைட்ட எதுக்குப் பாக்கற? அது பலகைய பாக்கறதுக்கு. தள்ளி நில்லு."

ஃபிட்டர் தள்ளி நின்றார். சோதனை இனிதே முடிந்தது. கண் சோதிப்பவர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஒரு விளக்கின் தரத்தை அவர் எழுத்துப் பலகையிடம் கேட்டார். பலகைக்கு முகமில்லை; கூசினால் கண்ணை மூடிக்கொள்ளாது; வேறு பக்கம் திரும்பாது. வாழ்நாள் முழுக்கச் சுவரில் இருக்கிற எழுத்தையே பார்க்கச் சொல்லிப் பழகியவருக்கு, மலையில் நெற்றிக்கு எதிரே பெரும்பாலும் மனிதர்கள்தான் இருப்பார்கள் என்பது தோன்றவில்லை. சின்ன விளக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இது படிக்கறதுக்கு லாயக்கு" என்று கடைக்காரருக்குத் தீர்ப்பும் சொல்லிவிட்டு வந்தார்.

குறித்த நாளில் அவர் உண்மையிலேயே கிளம்பினார். மனைவி காரை வெளியில் எடுத்துவிட்டு, இவர் முதுகுப்பையோடு வாசலில் நிற்பதைக் கண்ணாடியில் பார்த்தார். வழியெல்லாம் ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டே ஓட்டினார். பல வருடங்களாக அவர் காரில் முனகியதில்லை.

பகல் நன்றாகப் போனது. ஏற்றத்தில் ஒண்ணா ரெண்டா மூச்சு வாங்கினாலும் கௌரவமாக ஏறினார். குழுவில் மூன்று பேர் அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான் அணிந்திருந்தார்கள். நின்று நின்று சட்டத்தை நிமிர்த்திக் கொடுத்தார். ஓடைக்குப் பக்கத்தில் சமதளமாக ஓர் இடத்தில் கூடாரங்கள் எழுந்தன. கணவனும் மனைவியுமாக இரண்டாள் கூடாரத்தின் இரண்டு மூலைகளைப் பிடித்து இழுத்தார்கள். அதுவரை பாதி காலியாக ஏறி இறங்கிய கூடாரம் அது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒண்ணா ரெண்டா அவசரமாகப் பைக்குள் கைவிட்டார்.

விளக்கு எரிந்ததும் எதிர்ப்பக்கத்து மரங்களில் இருந்த பறவைகள் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன. அவருக்கு எல்லாம் தெரிந்தது. கல், வேர், கூடாரக் கயிறு, மனிதர்கள் எல்லாம் பகலைவிடத் தெளிவு. சந்தோஷத்தில் ஒவ்வொருவராகப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அவர் யாரைப் பார்த்தாரோ அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார்.

"மாமா" என்றார் மனைவியின் தம்பி, முழங்கைக்குப் பின்னாலிருந்து. "நாங்க எந்தத் தப்பும் பண்ணல. விசாரணைய நாளைக்கு வச்சுக்கலாம்."

"என்ன மாப்ள?"

"லைட்டு மாமா, லைட்டு."

"நல்லாருக்கில்ல?"

குழுவில் ஒரு பெண்மணி, "உங்களப் பாத்தா எனக்கு வாயத் தொறந்து பல்லக் காட்டணும்போல இருக்குங்க" என்றார். இன்னொருவர், விமானம் எதுவும் தப்பாக இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தபடி சிரிப்பு வந்த பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றது.

இதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. நெற்றியில் விளக்கு வைத்திருப்பவர் எல்லோரையும் பார்க்கிறார். அவர் முகத்தை யாராலும் பார்க்க முடிவதில்லை. அவர் புன்னகை செய்கிறாரா, பயந்திருக்கிறாரா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. தெரிவது ஒரு வெள்ளை நெருப்பு மட்டும். வாழ்க்கையில் பலபேர் விளக்கில்லாமலேயே இந்த நிலையை எட்டிவிடுகிறார்கள். இவர் அதற்காக ஒரு பேட்டரியும் சுமந்தார்.

பிறகு பூச்சிகள் வந்தன. அந்தப் பள்ளத்தாக்கில் சிறகு முளைத்த அத்தனையும் அவருடைய நெற்றியைத் தேடி வந்தது. சூப்பு ஊற்றிக் கொடுத்தார்கள். குனிந்து கோப்பையைப் பார்த்தார், பூச்சிகளும் குனிந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். வட்டமாக இருந்த கூட்டம் அரைவட்டமானது. அரைவட்டத்துக்கு வெளியே, ஒரு பாறையைப் பார்த்தபடி அவரை உட்கார வைத்தார்கள். பாறை மிகத் தெளிவாகத் தெரிந்தது.

மனைவி எழுந்து வந்தார். பக்கவாட்டில் நின்றுகொண்டார், எதிரில் வரவில்லை.

"எதிர்ல ஆள் வந்தா வெளிச்சத்தத் தாழ்த்தணும். என்கிட்ட இருட்டுல ஓட்ட வர்றவங்களுக்கு மொத நாள் சொல்ற பாடம் அது. ஸ்டீரிங்கே அப்புறம்தான்."

"தாழ்த்தறேன்" என்று ஒரு பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் தாழ்ந்தது. பாறை போனது. கோப்பையைத் தரையில் வைக்கப்போய்க் காற்றில் வைத்தார். சூப்பு மனைவியின் காலணியில் கொட்டியது. பதறிப்போய் மறுபடி பெரிய வெளிச்சத்தைப் போட்டார். அது நேராக மனைவியின் முகத்தில் விழுந்தது.

அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. கண்ணைச் சுருக்கியபடி அப்படியே நின்றார். "வர இஷ்டமில்லன்னா வராம இருந்திருக்கலாம். கூட வந்து, எல்லாரையும் ஒதுங்க வச்சு, என்னையும் ஒதுங்க வைக்கணுமா? அந்தக் கூடாரத்த வாங்கிக்கறேன். விடுங்க."

போய்விட்டார். கோபம் என்றால்கூடப் பரவாயில்லை. அது முடிவுபோல இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் கொஞ்ச தூரத்தில் இருக்கிற பாறை விளிம்புக்குப் போய், கீழே ஊர் விளக்குகளைப் பார்ப்பது குழுவின் வழக்கம். வரிசையாகக் கிளம்பினார்கள். யாரும் வழி தவறிவிடாமல் பார்த்துக்கொள்ள மனைவி கடைசியில் வருவார், அதுவும் வழக்கம். யார் கண்ணிலும் வெளிச்சம் படக்கூடாது என்று ஒண்ணா ரெண்டாவை அவருக்கு முன்னால் விட்டார்கள். முதுகுகளுக்குக் கூசாதில்லையா.

பாதி வழியில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது.

முன்னால் போனவர்கள் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, காலடியைப் பார்த்து, பேசியபடியே நடந்து மறைந்தார்கள். ஒண்ணா ரெண்டா நின்றுவிட்டார். குகைக்குள் ஆளைத் தேடும் வெளிச்சம் மூடுபனியில் பட்டு அப்படியே திரும்பி அவர் கண்ணுக்கே வந்தது. எதிரே ஒரு வெள்ளைச் சுவர். எழுத்தில்லாத பலகை. தாழ்த்தினால் இருட்டு, ஏற்றினால் சுவர். ஒண்ணு, ரெண்டு. மறுபடி ஒண்ணு. மறுபடி ரெண்டு. இரண்டும் ஒரே மாதிரி இருந்தது.

"நடங்க" என்றது பின்னாலிருந்து மனைவியின் குரல்.

"நடக்கறேன்."

நடக்கவில்லை.

"கோவத்த வீட்ல போய்க் காட்டுங்க. நடுவழியில நின்னுக்கிட்டு என்ன இது?"

"கோவமில்ல."

"பின்ன?"

இதற்குப் பிறகு நடந்ததை அந்த அம்மாளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அவரிடம் வண்டி பழகியவர்கள் கிளட்ச்சோடு சேர்த்து இதையும் கேட்டிருப்பார்கள். கணவர் தன் பக்கம் திரும்பாமலே கையை மேலே கொண்டுபோய் விளக்கை அணைத்தார் என்பார். அணைத்துவிட்டுப் பிறகுதான் திரும்பினார். அன்று சாயங்காலத்திலிருந்து அவர் முகம் தெரிந்தது அப்போதுதான், மனைவியின் சின்ன விளக்கு வெளிச்சத்தில்.

"எனக்குத் தெரியல" என்றார்.

"என்ன தெரியல?"

"பாதை. கல்லு. நீ எங்க நிக்கறேன்னு குரல வச்சுத்தான் தெரியுது. இருட்டிட்டா எனக்குக் கண்ணு தெரியாது."

முன்னால் யாரோ சிரிப்பது மூடுபனியில் கேட்டது.

"எப்பலருந்து?"

"ரொம்ப நாளா."

"மெத்தை வாங்கினோமே, அப்பவே?"

"அதுக்கு முன்னாடியே."

"அப்ப சாயங்காலமானா நீ ஓட்டு, நீ ஓட்டுன்னது?"

"ம்."

"நான் நல்லா ஓட்டறேங்கறதுக்காகன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அதுவும்தான்."

"அத இப்ப சேக்காதீங்க." குரல் கொஞ்சம் உடைந்து பிறகு சரியானது. "உங்களுக்கு மலை பிடிக்கலன்னு நான் நெனைக்கல. என்கூட வரப் பிடிக்கலன்னு நெனச்சேன். ஒவ்வொரு வருஷமும் ஏறி வந்து, அத நெனச்சுக்கிட்டு எறங்கினேன். காலணி, பை, தூங்கற பை, எல்லாம் சரிதான். வாயில வார்த்த இல்லையா உங்களுக்கு? கண்ணு தெரியலங்கறதச் சொல்ல இவ்வளவு வெளிச்சமா வேணும்?"

அவர் விளக்கை நெற்றியிலிருந்து கழற்றினார். அது அவர் பக்கம் எழுதவேண்டிய வரவு.

அதன் பிறகு அந்த அம்மாள் தொழிலைக் காட்டினார். அவரைத் தாண்டி முன்னால் வந்து, தன் பையின் பட்டையை அவர் கையில் கொடுத்தார். "பிடிச்சுக்குங்க. நான் சொன்னாத்தான் கால வைக்கணும். இடது கால், கொஞ்சம் கீழ. ம். வலது, நேரா. கல்லு இருக்கு, தூக்கி வைங்க. அவசரப்படாதீங்க, பின்னால யாரும் ஹாரன் அடிக்கல." பயந்தவர்களை நாள் முழுக்க நகர்த்திப் பழகிய குரல். பாறை விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊர் விளக்குகள் எதுவும் தெரியவில்லை, மூடுபனி மூடியிருந்தது. அன்றைக்கு அங்கே ஒன்றும் தெரியாமல் நின்றது அவர் மட்டும் இல்லை.

திரும்பி வந்த வாரம் மனைவியே கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். பிரேக் அவர் காலடியில் இருந்ததால் இவரால் எங்கேயும் இறங்க முடியவில்லை. டாக்டர், விழித்திரையைப் பார்த்துவிட்டு நல்ல செய்தியும் சொல்லவில்லை, மோசமான செய்தியும் சொல்லவில்லை. முன்பே வந்திருக்க வேண்டும், இனிமேல் விடாமல் காட்டவேண்டும் என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னதும், எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் தனியாகக் கட்டணம் கிடையாது.

நெற்றி விளக்கு இப்போது ஃபிட்டரின் தேய்க்கும் இயந்திரத்துக்கு மேலே, ஆணியில் தொங்குகிறது. ஃபிட்டர் அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி வெளிச்சத்தைப் பாதியாக்கி வைத்திருக்கிறார். நல்ல விளக்குதான் என்கிறார், அந்தத் தாளைப் பிரிக்காதவரைக்கும்.

டாக்டரைப் பார்த்த அன்று சாயங்காலம் முகாம் சாமான் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒற்றை ஆள் கூடாரத்தை இன்னும் எடுத்து வைத்திருக்கவா, வேறு ஆள் கேட்கிறார் என்றார். மனைவி அப்போது டாக்டர் வீட்டு வாசலில், காரில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் கணவர்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லி, தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தார். "நான் இனிமே கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவர் இருக்கைப் பட்டையை ஒருமுறை சரிசெய்துகொண்டார். அதைச் சரிசெய்ய ஒன்றுமில்லை.

"அடுத்த வருஷம் என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

அவர்கள் வீட்டில் எதற்கும் உடனே முடிவெடுக்கிற வழக்கம் இல்லை.

"பாக்கலாம்" என்றார் மனைவி. "உங்க பக்கத்துல இன்னொருத்தர நிக்க வச்சுப் பாத்தாத்தான் தெரியும், ஒண்ணா ரெண்டான்னு."

பிறகு தொலைபேசியைக் காதில் வைத்து, கூடாரத்தை அந்த ஆளுக்கே கொடுத்துவிடச் சொன்னார். கியரைப் போட்டு, கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்து, வண்டியை எடுத்தார்.